தேதிவாரியாக அடுக்கிய வீடு

என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்ற வேண்டும் என்று மதுரை மருத்துவர் சொன்னது ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஆவணி கடைசி வாரத்தில் அறுவை என்று நாள் குறித்துவிட்டு, கையில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் சமையலறைக்கும் வாக்கர் பிடித்து நடக்கத் தடையில்லாத வழி வேண்டும். அன்றாடம் வேண்டியவை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். குனியக் கூடாது, ஸ்டூலில் ஏறக் கூடாது.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் அந்தத் தாளைப் போனில் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அப்பா, நம்ம வீட்டுல எறும்பு போறதுக்கே வழி கெடையாது. அம்மாவ மூணு மாசம் இங்க அனுப்பிருங்க" என்றாள்.

மகள் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். போனை வைத்ததும் என் மனைவி சொன்னாள்: "அங்கன போயி சன்னல் வழியா மேகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எனக்கு ஆபரேசந்தான சொன்னாக, செயிலுமா சொன்னாக?"

ஆக, ஆறு வாரத்தில் வீடு தயாராக வேண்டும். ஆகாவிட்டால் அவள் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். எங்கள் இருவருக்கும் முன்னால் இருந்தது இவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒழுங்கில்லாதது என்று யார் சொல்லியிருந்தாலும் அதுவரை நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சிடும் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிழை திருத்தியவன் நான். ஒவ்வொரு நாளின் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் தாள் தாளாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மெஷின் ஓடும். ஒரு தேதி தவறினால் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அது தவறாகத் தொங்கும். அந்தப் பயம் எனக்குள் ஊறிப்போனது. வீட்டிலும் எந்தப் பொருளுக்கும் தேதிதான் அதன் முகவரி என்று வைத்துக்கொண்டேன். அது வீட்டுக்குள் வந்த மாதம் எதுவோ, அந்த மாதத்துப் பெட்டியில் அது இருக்கும்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் காலண்டர் சீசன் இல்லாத மாதங்களில் பட்டாசுப் பெட்டிகளுக்கான அட்டை அடிப்பார்கள். நிறம் தள்ளி விழுந்த அட்டைகளைக் கம்பெனிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அவற்றைப் பெட்டியாக மடித்து, வேண்டியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த ஊரில் பாதி வீடுகளில் துவரம்பருப்பும் குழந்தைகளின் துணியும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அவை கூடம் முழுக்க, தலை உயரத்துக்கு, மூன்று வரிசையாக நின்றன. வெளியே புஸ்வாணமும் சங்குசக்கரமும் சாட்டையும் பளபளவென்று அச்சாகியிருக்கும். ஓரத்தில் என் கையெழுத்தில் மாதமும் வருஷமும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்தான் என் மனைவிக்கு ஒரு போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். வீடு மாறுகிறவர்களுக்கும், கல்யாணம் முடிந்த வீடுகளுக்கும், இப்படி ஆபரேஷன் ஆனவர்களுக்கும் வீட்டை ஒதுங்க வைத்து, ஒழுங்காக அடுக்கித் தருகிற பெண்ணாம். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். அதுவே அவருடைய தொழில்.

"நம்ம வீட்ட ஒதுங்க வைக்க வெளியில இருந்து ஆளா?" என்றேன்.

"முப்பத்தாறு வருசமா உள்ள இருக்க ஆளுதான் ஒதுங்க வச்சீக. பாத்துட்டேன்" என்றாள் மனைவி.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கூடவே உதவிக்கு அதே வயதில் இன்னொரு பெண். கூடத்துக்குள் வந்து பெட்டி வரிசைகளை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்ஸ்பெக்சன்காரக இந்தத் தெருவுக்கு வர்றது உண்டா?"

"ஏன்?"

"வந்தா லைசென்சு இல்லாத குடோன்னு சீல் வச்சிட்டுப் போயிருவாக."

கூடத்து ஓரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம், ஒன்பதுக்குப் பிறகு பெட்டியில் கை வைக்கலாம் என்றேன். வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அவர், "சரி அண்ணாச்சி, கையத்தான வைக்கக் கூடாது, கண்ண வைக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, காபியைக் குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்கே எழுந்து போகிறாள், எதைப் பிடித்துக்கொள்கிறாள், எந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நடக்கிறாள் என்று கவனித்தார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது அவர் பார்ப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்பது அடித்ததும் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். கட்டில் காலடியிலிருந்து கழிப்பறை வரைக்கும், அங்கிருந்து சமையல்கட்டுக்கும், பிறகு வாசலுக்கும் தரையில் இரட்டைக் கோடு போட்டுக்கொண்டே போனார். வாக்கரின் அகலத்துக்கு மேல் ஒரு சாண் கூடுதல். கோடு பெட்டிகளின் மேலேயே ஏறி இறங்கிப் போனது.

"இந்தக் கோட்டுக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது அண்ணாச்சி. எதையும் தூரப் போடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். கோட்டுக்குள்ள இருக்கிறத மட்டும் இது எங்க போகணும்னு கேப்பேன். பதிலு நீங்களும் அக்காவும் சொல்லணும்."

"இந்த முறை எங்கே கற்றது?" என்று கேட்டேன். எதையும் எங்கே, எப்போது என்று கேட்பது என் வழக்கம்.

பட்டாசு ஆலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாராம். கடைசியில் பேக்கிங் ரூமுக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறார். "அங்கன ரூமு வாசல்ல எதையும் வைக்கக் கூடாது. இன்ன ரூமுல இத்தன பேரு, இம்புட்டு வெடிமருந்துன்னு சொவத்துலயே எழுதிப் போட்டிருக்கும். சீசன்ல லோடு ஏத்துற அவசரத்துல அத யாரு பாக்கா? நான் பாத்தேன். வாசல்ல பெட்டி கெடக்குன்னு தெனமும் சொன்னேன். இந்தப் பொம்பள வாய் ஓயாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக."

சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு பெட்டியைத் தரையோடு இழுத்தேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"இழுக்காதீக அண்ணாச்சி! தூக்குங்க."

"உள்ளே டம்ளர்தான் இருக்கு."

"டம்ளராவே இருக்கட்டும். ஆலையில எங்க ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு. இழுத்தா உரசும், உரசுனா எங்களுக்குத் திக்குங்குது." நான்கு நாளும் எங்கள் வீட்டில் ஒரு பெட்டிகூடத் தரையில் உராயவில்லை.

நான் அதுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டிகளை நகர்த்தலாம், ஆனால் வரிசையைக் கலைக்கக் கூடாது என்றேன். தேதி கலைந்தால் வீடே கலைந்த மாதிரி என்று விளக்கினேன். அவர், "அக்காவோட பழைய எக்ஸ்ரே எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"போன மாசி, இரண்டாவது வெள்ளிக்கிழமை எடுத்தது. இரண்டாம் வரிசை, சாட்டைப் பெட்டி." போய் எடுத்து வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரியா இருக்கு" என்று மெச்சினார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க போயி ஒரு சுடுதண்ணிப் பை எடுத்தாங்க பாப்போம். கால்வலிக்கு வச்சிருப்பீகள்ல?"

என் மனைவி கட்டிலை விட்டு அசையவில்லை. "அத எந்த மாசம் வாங்குனதுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

நான் உடனே எழுந்தேன். புரட்டாசிப் பெட்டியில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. எடுத்தேன். எடுக்கும்போதே மார்கழிப் பெட்டியிலும் ஒன்று உண்டு என்று தோன்றியது. அதையும் எடுத்தேன். உதவிக்கு வந்த பெண் சித்திரைப் பெட்டியைத் திறந்து, "இங்கயும் ஒண்ணு இருக்குக்கா" என்று நீட்டினார். மூன்று பைகள். மூன்றும் ஏறக்குறைய புதியவை. மூன்றுக்கும் என்னிடம் பில் இருந்தது, தேதியோடு.

நடந்தது இதுதான். அவள் பையை வாங்கி ஒத்தடம் கொடுத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் வைப்பாள். வெளியே கிடக்கிறதே என்று நான் அதை அதன் மாதத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அடுத்த முறை வலிக்கும்போது அது இருக்கும் இடம் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி மருந்துக்கடையிலிருந்து இன்னொன்றை வாங்கிக்கொள்வாள். அதையும் நான் ஒழுங்காக எடுத்துவைத்திருக்கிறேன்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா எடுத்துத் தருவீக, இல்லேங்கல. ஆனா மொதல்ல தேதி சொல்லுவீக. அன்னைக்கு மழை பேஞ்சதா, யாரு வந்தாகன்னு சொல்லுவீக. வலிக்கிற நேரத்துல அதெல்லாம் கேட்டுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கவா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் இருவரும் பெட்டி பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று மதியம் என் நாட்குறிப்புகளை எடுத்து அந்த மூன்று நாள்களையும் பார்த்தேன். முதல் நாளில், தூறல், சாத்தூரிலிருந்து உறவினர் வருகை. இரண்டாம் நாளில், பனி, மின்தடை நாற்பது நிமிஷம். மூன்றாம் நாளில், வெயில் கடுமை, விருதுநகரில் மிளகாய் வற்றல் விலை ஏற்றம் என்று கேள்வி. மூன்றிலும் "சுடுதண்ணீர்ப் பை வாங்கியது" என்று ஒரு வரி. அவளுக்கு வலித்தது என்று ஓரிடத்திலும் இல்லை. கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களை நான் ஆசையாகப் படிப்பவன். ஆட்சியாண்டும் நாளும் நட்சத்திரமும் இருக்கும். கோயிலில் விளக்கெரிக்க நெய்க்காக ஆடு கொடுத்த பெண்ணின் பெயரும் இருக்கும். அவளுக்கு என்ன கவலை இருந்தது, எதை வேண்டிக்கொண்டு கொடுத்தாள் என்பது இருக்காது. அதைக் குறையாக நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதே தவறை வீட்டிலேயே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்ததும், "வரிசையைக் கலைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"கலைக்கல அண்ணாச்சி, பிரிக்கிறோம்" என்றார் அவர். எல்லாப் பெட்டிகளையும் திறந்து இரண்டு பாகமாக்கினார். ஞாபகத்துக்கு வைத்திருப்பது ஒரு பக்கம், கைக்கு வேண்டியது ஒரு பக்கம். ஞாபகப் பக்கத்துக்குத் தேதியே சரி, அதை அண்ணாச்சி முறையிலேயே மாடி அறையில் அடுக்கலாம் என்றார். கைக்கு வேண்டியதற்கு யார் எடுப்பார்கள், எங்கே நின்றுகொண்டு எடுப்பார்கள் என்பதுதான் கணக்கு. இப்படிப் பிரிக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

வெளியாள் ஒருவர் வந்தால் என்ன நன்மை என்பதும் அந்த நாள்களில்தான் எனக்குப் பிடிபட்டது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எந்தப் பொருளும் வெறும் பொருளாக இருப்பதில்லை. பரணிலிருந்த பித்தளை அண்டாவை நான் தொட்டால், "எங்க வீட்டுச் சீர்னா உங்களுக்கு எப்பவும் எடைஞ்சல்தான்" என்பாள். என் புரூஃப் கட்டுகளை அவள் தொட்டால் என் உழைப்பையே தள்ளிவிடுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றிருக்கும். அந்தப் பெண்ணுக்கு அண்டா வெறும் அண்டா. "அக்கா, இதுல கடைசியா என்னைக்குப் பொங்குனீக?" என்று கேட்டார். என் மனைவி விரல் விட்டு வருஷத்தை எண்ணினாள். "மக சடங்குக்கு" என்றாள். பிறகு அவளாகவே, "எங்க தெருக் கோயிலுக்குக் குடுத்திருவோம், அன்னதானத்துக்கு ஆகும்" என்றாள். அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் ஒரு வாரம் பேச்சு நின்றிருக்கும்.

புரூஃப் கட்டுகளுக்கும் முறை வந்தது. முப்பது வருஷத்துத் தாள்கள், சிவப்பு மையில் என் திருத்தங்களோடு. கோட்டுக்குள் பாதிக்கு மேல் இடம் பிடித்தவை அவைதான். எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றலாம் என்றேன்.

"ஏத்தலாம் அண்ணாச்சி. ஏத்துனதப் பாக்க யாரு ஏறுவா? அக்கா இனிம ஏற மாட்டாக. நீங்க ஏறி விழுந்தா அக்கா எப்பிடித் தூக்குவாக?"

வருஷத்துக்கு ஒரு கட்டு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய பேப்பர் கடைக்காரரை வரச்சொல்லிக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கடைக்காரர் அவற்றை வண்டியில் ஏற்றும்போது நான் பின்கட்டில் நின்றுகொண்டேன். மனைவி என்னை உள்ளே கூப்பிடாமல், ஒரு டம்ளர் மோரை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள்.

நான்காம் நாள் கூடத்துச் சுவரோரம் நிறுத்திய இரும்பு ரேக்கின் நடுத் தட்டுகளில் கைக்கு வேண்டியவற்றை எல்லாம் புது டப்பாக்களில் வைத்தார்கள். லேபிள் எழுத நான் பேனாவோடு தயாராக நின்றேன். அந்தப் பெண் கையை நீட்டி மறித்தார். "எழுத்து அக்காவோடதா இருக்கணும். எடுக்கப்போறது அவுகதான."

"நானா? நான் எழுதி எம்புட்டு நாளாச்சு" என்று என் மனைவி கூசினாள். மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவில்லை. 'மாத்திரை காலை', 'மாத்திரை ராத்திரி', 'கால் வலி', 'நூல் ஊசி', 'டார்ச்', 'ஆஸ்பத்திரித் தாள்'. ஒரு டப்பாவில் 'சும்மா' என்று எழுதினாள். அதில் என்ன என்று கேட்டேன். "சும்மா வேணுங்கறது" என்றாள்.

இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

போகும்போது அந்தப் பெண் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "வெளிய கெடக்கிறத எடுத்து வைக்கிற பழக்கம் உங்களுக்கு விடாது அண்ணாச்சி. எடுத்து வைங்க. ஆனா லேபிளப் படிச்சு வைங்க." சாக்பீஸ் கோட்டைப் பெயிண்டால் போட்டுவிடலாமா என்று கேட்டேன். சிரித்தார். "ஒரு மாசம் வழி காலியா இருந்துட்டாப் போதும். பெறகு கோடு வேண்டாம்."

ஆவணி கடைசியில் ஆபரேஷன் நடந்தது. புரட்டாசி முதல் வாரத்தில், நல்ல நேரம் பார்த்து, ஒரு புதன்கிழமை காலையில் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன். வாசலிலிருந்து கட்டில் வரை வாக்கர் ஓரிடத்திலும் இடிக்காமல் போனது. ஆனாலும் மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணி, "அம்மாவால முடியலைன்னா சொல்லுங்கப்பா, கார் எடுத்துட்டு வந்துர்றோம்" என்பாள். எனக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. நடப்பது வேறு, நான் இல்லாமல் சமாளிப்பது வேறு. சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிசியோதெரபிக்கு வருகிறவர் இருக்கும் நேரத்தில்கூட நான் வெளியே போகவில்லை.

ஐப்பசி முதல் மழையில் நனைந்துவிட்டேன். சனிக்கிழமை காலை எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சலில் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. எந்த மாதத்தில் எந்த மாத்திரை வாங்கினோம் என்று யோசிக்கப் பார்த்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை. வாக்கர் நடந்து போகும் சத்தம் கேட்டது. ரேக்கின் தட்டில் டப்பா நகரும் சத்தம். திரும்பி வரும் சத்தம். வாக்கரில் தொங்கிய துணிப்பையிலிருந்து தெர்மாமீட்டரையும் மாத்திரையையும் எடுத்தாள்.

"எங்கன இருந்துச்சு?" என்றேன்.

"இருக்கிற எடத்துல இருந்துச்சு. வாயத் தொறங்க."

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல மகள் கூப்பிட்டாள். போன் என் தலைமாட்டில் இருந்தது. எடுத்து மனைவியிடம் நீட்டினேன். மகள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவள் பேசியது கேட்டது.

"இல்லத்தா, வண்டியெல்லாம் வேண்டாம். நான் எங்க வர? உங்கப்பாவுக்குக் காச்ச. ரெண்டு நாளா எந்திரிக்கல. அவுகள விட்டுட்டு வர முடியாதுல்ல… ஆமா, நாந்தான் பாக்குறேன். வேற யாரு பாக்க?… வச்சிருதேன், அடுப்புல கஞ்சி கெடக்கு."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, வாக்கரைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.